காற்றுக்கு எதிரே, மடை வரைக்கும்

நான் கட்டிய பந்தல் இன்றுவரை விழுந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் ஓரிடத்தில் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். சிரிப்பதற்கு முன்னால், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

அவனியாபுரத்தில் எங்கள் குடோன் இருக்கிறது. கீழே சாமியானா, தகரம், இரும்பு பைப், சவுக்குக் கம்பு. மாடியில் வீடு. கல்யாணமான புதிதில் கொஞ்சம் துணியும் கொஞ்சம் கம்பும் வைத்துக்கொண்டு நானே ஆரம்பித்த தொழில். என் வீட்டுக்காரர் அரசு அலுவலகத்தில் கோப்புகளுக்கு நாடா கட்டுகிறவர். நான் ஊருக்கு ஊர் கயிறு கட்டுகிறவள். ஆடிக் காத்தில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எழுமலைப் பக்கம் மேற்கேயிருந்து அடிக்கிற அந்தக் காற்றில் அம்மி பறந்ததோ என்னவோ, நான் போட்ட பந்தல் பறக்கவில்லை. கம்பு செங்குத்தாக நிற்கவேண்டும், கயிறு தட்டினால் பாடவேண்டும். இரண்டே விதி. இரண்டில் எதை மீறி யாராவது கட்டினாலும் அன்றைக்கு அவனுக்கு என்னிடம் சோறு கிடையாது.

எங்களுக்கு ஒரே மகள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அவளுடைய அலுவலகத் தோழிகள் ஒருமுறை சித்திரைத் திருவிழா பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். அதில் ஒரு பெண், "ஆன்ட்டி, நீங்க பெரிய ஈவென்ட் மேனேஜ்மென்ட் கம்பெனி வச்சிருக்கீங்களாமே?" என்றாள். நான் மகளைப் பார்த்தேன். மகள் விசிறியைப் பார்த்தாள். "ஆமாம்மா, ஈவென்ட்தான். இழவு வீட்டுக்குக்கூட ஈவென்ட் பண்ணுவோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். பந்தல் என்ற சொல்லை வெளியில் சொல்ல என் பிள்ளைக்கு நாக்கு கூசுகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வலித்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த மகள்தான் போன ஐப்பசியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அனுமதி வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். தனியாக வரவில்லை. பின்னாலேயே ஒரு மினி லாரியில் படகு வந்தது.

நிஜமான படகு. ஃபைபர் உடம்பு, இரண்டு பேர் உட்காரலாம், பாய் கட்டி ஓட்டுவது. சென்னையில் லீவு நாளெல்லாம் கடலுக்குப் போய்ப் பாய்மரப் படகு ஓட்டப் பழகியிருக்கிறாள். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோடையில் கடற்கரையில் ஒரு போட்டி நடக்கிறதாம், அதற்குப் பழக வேண்டுமாம். தூத்துக்குடிப் பக்கம் யாரோ விற்ற பழைய படகைத் தன் சம்பளத்தில் வாங்கிவிட்டாள்.

லாரியிலிருந்து இறக்கும்போதே தெரு கூடிவிட்டது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற தம்பி வண்டியை நிறுத்தி, "என்னக்கா, வைகையில வெள்ளம் வருதுன்னு உங்களுக்கு மட்டும் சொல்லிட்டாய்ங்களா?" என்றான். "வந்தா ஒன்னயத்தான் மொதல்ல ஏத்திக்குவேன், போடா" என்றேன். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

ஆனால் அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கே விடுவது? வைகையில் முழங்கால் தண்ணீரும் ஆகாயத்தாமரையும்தான். தெப்பக்குளம் ததும்பிக் கிடக்கிறது, ஆனால் அது அம்மனும் சாமியும் தெப்பம் ஏறுகிற தண்ணீர், அதில் என் மகள் பாய் விரிக்க முடியுமா? கடைசியில் என் வீட்டுக்காரர்தான் வாயைத் திறந்தார். எழுமலைக்குப் பக்கத்தில் இருக்கிற அவருடைய சொந்த ஊரில் இந்த வருஷம் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்கிறது. அவருடைய அண்ணன்தான் அங்கே பாசன சங்கத் தலைவர். மகளுக்குப் பெரியப்பா என்பதால் எங்கள் வீட்டில் எல்லோருக்குமே அவர் பெரியப்பாதான்.

பெரியப்பா முதலில் சரி என்றார். கண்மாயில் மீன் குத்தகை எடுத்தவர்தான் இடையில் விழுந்தார். "காத்து இந்தச் சமயம் கரையில இருந்து மேற்கால அடிக்கிது. நான் வலை போடுறதும் மேற்கதான். பாய் கட்டுன படகு காத்து தள்ளுற பக்கந்தான போகும்? நேரா என் வலையில வந்து விழும். பிரேக் இல்லாத வண்டிய ரோட்டுல விடுவீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

மகள் போனிலேயே சண்டைக்கு நின்றாள். "பெரியப்பா, பாய்மரப் படகு காத்துக்கு எதுத்தும் போகும்."

"காத்த வச்சே காத்துக்கு எதுக்கப் போகுமா? கத விடாத பாப்பா."

"கதையில்ல. மேற்க இருந்து கெளம்பி, துடுப்பு இல்லாம, கரையில இருக்க மடை வரைக்கும் வந்து காட்டுறேன்."

பெரியப்பா நாளே குறித்துவிட்டார். "பொங்கலுக்கு வாங்க. மடை வரைக்கும் வந்துட்டா, தண்ணி வத்துற வரைக்கும் படகு இங்கன கெடக்கட்டும். வரலைன்னா ஏத்திக்கிட்டுப் போயிரணும். காணும் பொங்கலுக்கு மறுநாள் அவரு மீன்குஞ்சு விடுறாரு. அதுக்குள்ள முடிச்சிருங்க."

போனை வைத்துவிட்டு மகள் என்னிடம் சொன்னாள்: "இந்தத் தண்ணியும் இல்லைன்னா படக வித்துட்டு நான் சென்னைக்கே போயிருவேன்மா. இங்க ஒக்காந்து என்ன பண்ணப் போறேன்?"

எனக்குப் படகு பெரிதில்லை. ஆனால் பிள்ளை வீட்டில் இருந்த அந்த இரண்டு மாதமும் நான் இரண்டு ஆள் சோறு சாப்பிட்டேன். காலையில் அவள் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு இங்கிலீஷில் யாரையோ மிரட்டுகிற சத்தம் மாடியிலிருந்து கேட்டால், கீழே எனக்குக் கம்பு கனக்காது. அவள் போகக் கூடாது. அதற்கு அந்தப் படகு மடையைத் தொட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

படகில் நிற்கிற பாய்மரம் அலுமினியக் குழாய். அதை நிறுத்துவது மூன்றே மூன்று இரும்புக் கம்பிவடங்கள். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, மூக்குப் பக்கம் ஒன்று. அவள் ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில் பெயர் சொன்னாள். நான் பக்கக்கம்பி, முன்கம்பி என்று வைத்துக்கொண்டேன். கம்பியின் அடியில் முறுக்கினால் இறுகுகிற டர்ன்பக்கிள். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதையா இவ்வளவு பெரிய வித்தையாகச் சொன்னாள்? தகரப் பந்தலுக்கு நான் தினமும் முறுக்குகிற சாமான்!

"மரத்த மட்டும் நிமித்தி வைம்மா. எனக்கு மீட்டிங் இருக்கு. மத்தத நான் வந்து அளந்து பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

மரத்தை மட்டும் நிமிர்த்தி வைக்கவா நான் இத்தனை வருஷம் தொழில் செய்கிறேன்? முதலில் தலைக்கு மேலே கரண்ட் கம்பி போகிறதா என்று பார்த்துக்கொண்டேன். கழுவின தண்ணீர் பின்னால் இருக்கிற ஓட்டை வழியாக வடியட்டும் என்று மகள் படகின் மூக்கைக் கல் வைத்துத் தூக்கியிருந்தாள். அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் ஆட்கள் மரத்தைத் தூக்கிப் பிடிக்க, நான் அதன் ஓரமாக நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். நூலும் மரமும் ஒட்டி நிற்கிற மட்டும் முன்கம்பியை இறுக்கினேன். பிறகு பக்கக்கம்பிகள். ஸ்பேனரை வைத்து, இனி முறுக்கினால் கை போய்விடும் என்கிற வரைக்கும் முறுக்கினேன். தட்டினேன். டங் என்றது. கோயில் மணிகூட அப்படிப் பேசாது.

மகள் இறங்கி வந்து பார்த்தாள். தூக்குக்குண்டைக் காட்டினேன். "சூப்பர்மா!" என்று அசந்துவிட்டாள். கடலில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் யாரோ கட்டித் தயாராக வைத்திருந்த படகுகள்தான், ஏறி ஓட்டியிருக்கிறாளே தவிர தானாக மரம் நிறுத்தியதில்லை. கம்பியைத் தட்டிப் பார்த்து மட்டும், "ரொம்ப இறுக்கமோ?" என்றாள்.

"இறுக்கம் சாஸ்தியாகி எந்தப் பந்தலும் விழுந்ததில்ல."

டர்ன்பக்கிள் எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே தன் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். கழற்றி ஊருக்குக் கொண்டுபோய் மறுபடி மாட்டும்போது அதே இடத்தில் நிறுத்த வேண்டுமே, அதற்காக. அதாவது நான் செய்த வேலையை நூல் பிசகாமல் எழுமலை வரைக்கும் கொண்டுபோனோம்.

மாட்டுப் பொங்கல் காலையில் அந்த ஊரில் ஒரு மாடு பாக்கியில்லாமல் கண்மாய்க்கு வரும். மேற்கே ஆழம் குறைந்த பக்கம் முழுக்கக் காளையும் பசுவும் குளிக்க நின்றன. மாடு வந்தால் ஊரும் வந்ததாகத்தான் அர்த்தம். கிழக்கே உயர்ந்த கரை. அதன் நடுவில் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மடை. மடைக்கல் மேல் துண்டை விரித்துப் பெரியப்பா உட்கார்ந்திருந்தார், பக்கத்திலேயே மீன் குத்தகைக்காரர். என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் என்றால் சின்ன வயசிலிருந்தே பயம், அவர் கரையை விட்டு இறங்கவே இல்லை.

படகின் முன்பக்கம் ஒரு சின்னப் பாய் இருக்கிறது, அதன் கயிற்றைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். நான்தான் ஏறினேன். சுடிதார் பேண்ட், வீட்டுக்காரர் சட்டை, மேலே ஆரஞ்சு நிறத்தில் லைஃப் ஜாக்கெட். ஓரகத்தி முறைக்காரி ஒருத்தி, "அக்கா, மாப்ள வீட்டுல இருந்து பொண்ணு பாக்க வாராகளா?" என்று கத்தினாள். கரை முழுக்கச் சிரிப்பு. சிரிங்கடி, திரும்பி வந்து வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவள் நான், எனக்கென்ன பயம்?

பாயை ஏற்றினோம். கீழைக்காற்று கரைப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. காற்றுக்கு நேர் எதிரே எந்தப் படகும் போகாதாம். கொஞ்சம் வலது சாய்வாக, பிறகு கொஞ்சம் இடது சாய்வாக, கொடைக்கானல் மலை ஏறுகிற பஸ் மாதிரி வளைந்து வளைந்து ஏற வேண்டுமாம். அப்படித்தான் சொன்னாள். ஆனால் படகு ஏறவில்லை. அவள் சுக்கானை எவ்வளவு திருப்பினாலும் மூக்கு காற்றைப் பார்க்க மறுத்து, திரும்பித் திரும்பி மேற்கையே பார்த்தது. வாடிவாசலுக்குள் போகமாட்டேன் என்று அடம் பிடிக்கிற காளை மாதிரி. கம்பி மூன்றும் விறைத்து நின்றன, மரம் விறைத்து நின்றது, படகு மட்டும் மேற்கே மேற்கே போய்ச் சீமைக்கருவேலம் புதருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டது. மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் வந்து இழுத்துவிட்டார்கள். மாட்டுக்கயிறு போட்டு இழுத்தார்கள். அந்த அவமானத்தை என்ன சொல்ல.

கரையிலிருந்து குத்தகைக்காரர் குரல் தண்ணீரின் மேல் தெளிவாக வந்தது: "சொன்னேன்ல? பிரேக் இல்லாத வண்டி."

பெரியப்பா சிரிக்கவில்லை. "நாளைக்கு ஒரு நா இருக்கு பாப்பா" என்று மட்டும் சொன்னார்.

கரை ஏறியதும் மகள் என் மேல் பாய்ந்தாள். "எல்லாம் ஒன்னாலதான்! யாரும்மா ஒன்னய அம்புட்டு இறுக்கச் சொன்னா?"

எனக்கும் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. "ஆடத் தெரியாதவ தெருக் கோணல்ன்னாளாம்! ஓட்டத் தெரியாம புதருக்குள்ள விட்டுட்டு என் கம்பியச் சொல்றியா? என் கட்டுல ஒரு குத்தம் காட்டு பாப்போம்!"

"இனிமே காட்டி என்னம்மா ஆகப் போகுது?" என்றாள். போனை எடுத்து லாரிக்காரர் நம்பரைத் தேட ஆரம்பித்தாள். அவளுக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகம் கழுவுகிற சாக்கில் கொஞ்சம் தள்ளிப் போனேன்.

மாடுகள் எல்லாம் போய்விட்டன. தண்ணீர் அசையாமல் கிடந்தது. பாய் இறக்கின படகு அதில் தன் பாட்டுக்கு மிதந்துகொண்டிருந்தது. வேலை முடிந்ததும் எட்டி நின்று ஒரு பார்வை பார்ப்பது எனக்குப் பழக்கம். பந்தலுக்கு அடியிலேயே நிற்கிறவனுக்குக் கோணல் தெரியாது. அப்படி எட்டி நின்று பார்த்தேன். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மரம் செங்குத்தாக இல்லை. முட்ட வருகிற கிடாய் மாதிரி முன்னால் குனிந்து நின்றது.

என் தூக்குக்குண்டு பொய் சொல்லவில்லை. குடோனில் மரம் நேராகத்தான் நின்றது. ஆனால் அங்கே படகின் மூக்கைக் கல் வைத்துத் தூக்கியல்லவா வைத்திருந்தாள்! நான் மரத்தைத் தரைக்கு நேராக நிறுத்தினேனே தவிர, படகுக்கு நேராக நிறுத்தவில்லை. தண்ணீரில் இறக்கியதும் மூக்கு தாழ்ந்து படகு சமமாகிவிட்டது, மரம் குனிந்துவிட்டது. பந்தல்காரிக்குத் தரைதான் எல்லாம். தரை இல்லாத இடத்தில் எதைப் பார்த்து நிறுத்துவது என்று எனக்குத் தோன்றவே இல்லை. சிரிப்பீர்கள் என்று சொன்னேனே, அது இந்த இடம்தான். சிரித்துக்கொள்ளுங்கள்.

"பாப்பா, அந்த லாரிய விடு. இங்க வா!" என்று கத்தினேன்.

வந்து என் பக்கத்தில் நின்று பார்த்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "ஐயோ அம்மா! மரம் முன்னாடி சாஞ்சா படகு காத்தப் பாக்காதும்மா. மூக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் போகும். கொஞ்சம் பின்னாடி சாஞ்சு இருக்கணும். கல்லு வச்சதும் நாந்தான, எனக்கும் ஒறைக்கலையே!"

தாயும் பிள்ளையும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினோம். சென்னையில் கூடப் படகு ஓட்டுகிற தோழியிடம் போனில் கேட்டு, மரம் எவ்வளவு பின்னால் சாய வேண்டும் என்று ஓர் அளவு வாங்கினாள். பாயை ஏற்றுகிற கயிற்றில் என் டேப்பின் நுனியைக் கட்டி மரத்தின் உச்சிக்கு ஏற்றி, அங்கிருந்து படகின் பின்மூலைக்கு அளந்தோம். முன்கம்பியைத் தளர்த்தத் தளர்த்த மரம் நிமிர்ந்து, பிறகு லேசாகப் பின்னால் சாய்ந்தது. வலது மூலைக்கும் இடது மூலைக்கும் ஒரே அளவு வர வேண்டும், இல்லையென்றால் மரம் ஒருபக்கம் ஒருக்களிக்கும். அந்த வேலையை என்னிடம் விட்டுவிட்டாள். அதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று முறுக்கி, டேப்பில் ஒரு நூல்கூடப் பிசகாமல் கொண்டுவந்து நிறுத்தினேன்.

அடுத்து இறுக்கம். இங்கேதான் மறுபடி முட்டிக்கொண்டோம்.

"போதும்மா. விடு."

"என்னது போதுமா? அமுக்குனா உள்ள போகுதுடி!"

"கொஞ்சம் போகத்தான் வேணும். ஓடும்போது காத்தடிக்கிற பக்கத்துக் கம்பி இறுகும். மறுபக்கத்துக் கம்பி லேசாத் தொய்யணும்."

தொய்ய வேண்டுமா! கயிறு தொய்ந்தால் ஆளுக்குச் சோறு போடாதவளிடம் வந்து, தொய்ய விடு என்கிறாள். "ஊரு பாக்க என் கம்பி தொய்ஞ்சு நிக்கிறதா? மாட்டேன்" என்றேன்.

"பந்தல் நிக்கணும்மா, அதுக்கு இறுக்குற. இது போகணும்மா. நிக்கிறதுக்குக் கட்டுற மாதிரி கட்டுனா நிக்கத்தான் செய்யும்."

யோசித்துப் பார்த்தேன். பாவாடை நாடாவை எப்படிக் கட்டுகிறோம்? அவிழவும் கூடாது, சாப்பிட்டால் மூச்சு முட்டவும் கூடாது. அந்தப் பதத்தில் ஒவ்வொரு கம்பியாகக் கை வைத்து அமுக்கி, கொஞ்சம் விட்டு, கொஞ்சம் பிடித்து நிறுத்தினேன். மகள் சிவப்புக் கோட்டைச் சுரண்டி அழித்துவிட்டு, புதிய இடத்தில் மறுபடி ஒரு கோடு போட்டாள்.

காணும் பொங்கலன்று காலையில் கரையில் முந்தின நாளைவிடக் கூட்டம். புதருக்குள் போனதைப் பார்க்காமல் விட்டவர்களெல்லாம் இன்றைக்காவது பார்த்துவிட வேண்டும் என்று வந்திருந்தார்கள். எழுமலையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் முறுக்குப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் வேஷ்டி முனையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

வெயில் ஏறக் காற்றும் ஏறியது. கிளம்பினோம்.

முதல் நொடியிலேயே தெரிந்துவிட்டது. நேற்று மரக்கட்டை மாதிரி கிடந்த படகுக்கு இன்று உயிர் இருந்தது. மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்து பார்த்துக்கொண்டு வலது சாய்வாக ஏறியது. "கயித்த இழும்மா! இன்னும்! அம்புட்டுத்தான்!" நான் இழுத்தேன். படகு ஒருபக்கம் சாய, நாங்கள் இருவரும் மறுபக்க விளிம்பில் ஏறி உட்கார்ந்தோம். காற்று வந்த பக்கத்துக் கம்பி விண்ணென்று நின்றது. எதிர்ப்பக்கத்துக் கம்பி அவள் சொன்னபடியே தொய்ந்து, காற்றில் நடுங்கிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. என் கட்டு. ஊரே பார்க்கிறது. கம்பி ஆடுகிறது. என்னை அறியாமலே கை டர்ன்பக்கிளுக்குப் போய்விட்டது.

"கைய எடும்மா!"

எடுத்தேன். எடுத்து, போகாமல் இருக்கட்டும் என்று தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

திருப்பம் வந்தது. குனிந்து மறுபக்கம் மாறினோம். இப்போது விறைத்திருந்த கம்பி தொய்ந்தது, தொய்ந்திருந்த கம்பி விறைத்தது. ஒன்று வேலை செய்யும்போது மற்றது இளைப்பாறுகிறது, அவ்வளவுதான். மரம் அசைந்துகொடுத்தது, ஆனால் அசங்கவில்லை. அண்ணாந்து பார்த்தேன். என் உடம்பு சிலிர்த்துவிட்டது. எத்தனையோ கல்யாணத்துக்குக் கட்டியிருக்கிறேன், எத்தனையோ திருவிழாவுக்குக் கட்டியிருக்கிறேன். நான் கட்டிய ஒன்று என்னையும் என் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வலது, இடது, வலது. கரை கிட்டே வந்தது. கூட்டத்தின் சிரிப்பு எங்கேயோ நின்றுபோயிருந்தது. பெரியப்பா மடைக்கல்லின் மேல் எழுந்து நின்றார்.

அங்கேதான் காற்று செத்தது. கரை உயரமாக இருக்கிறது அல்லவா, அதன் அடிவாரத்துக்கு வந்ததும் காற்றைக் கரை மறைத்துவிட்டது. பாய் தொளதொளவென்று ஆடியது. மடை கூப்பிடு தூரம்கூட இல்லை, வெற்றிலை எச்சில் துப்பினால் விழும் தூரம். படகு நின்றேவிட்டது.

"கையால தள்ளட்டுமா?" என்று கிசுகிசுத்தேன்.

"கூடாதும்மா. அதுவும் துடுப்புதான்."

"படகு திரும்பி மேற்கயே அடிச்சுக்கிட்டுப் போயிருமேடி!"

"அம்மா. அசையாத. மேல பாரு."

மேலே பார்த்தேன். மரத்தின் உச்சி கரையைவிட உயரமாக இருந்தது. கீழே பாய் செத்துக் கிடக்க, உச்சியில் மட்டும், ஒரு முழம் துணியில் மட்டும், காற்று மெல்ல நிறைந்தது. நான் மூச்சுக்கூட விடவில்லை. எல்லாக் கருப்பசாமியையும் வேண்டிக்கொண்டேன். படகு நகர்கிறதா இல்லையா என்று தெரியாத வேகத்தில் நகர்ந்தது. மடைக்கல்லின் பாசி கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு மூக்கு கல்லில் டொக் என்று முட்டியது.

கரையில் ஒரு விசில். பிறகு ஊரே கத்தியது. என் வீட்டுக்காரர், தண்ணீரைக் கண்டால் ஓடுகிற மனுஷன், வேஷ்டியோடு முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி நின்றார்.

பெரியப்பா குனிந்து படகின் முன்கம்பியைப் பிடித்து நிறுத்தினார். குத்தகைக்காரரைப் பார்த்தார். குத்தகைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "பிரேக் இருக்குங்கண்ணே" என்றார்.

"அப்பறமென்ன. தண்ணி வத்துற வரைக்கும் கெடக்கட்டும்" என்றார் பெரியப்பா. பிறகு பிடித்திருந்த கம்பியை அமுக்கிப் பார்த்தார், பக்கக்கம்பியை அமுக்கிப் பார்த்தார், மரத்தை அண்ணாந்து உச்சிவரை பார்த்தார். "நேத்து இப்பிடி இல்லையே. யாரு பாப்பா கட்டுனது? தூத்துக்குடியில இருந்து ஆள் கூப்ட்டீகளா?"

கூட்டம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அவளுடைய சென்னைத் தோழியும் போனில் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள், என் வீட்டுக்காரர்தான் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். என் மகள் சுக்கானை விட்டுவிட்டு எழுந்து நின்றாள். படகு ஆடியது, அவள் ஆடவில்லை.

"ஆளெல்லாம் வரல பெரியப்பா. எங்கம்மா கட்டுனது" என்றாள், கரையின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி. "எங்கம்மா பந்தல்காரி. தெரியும்ல?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. யாரும் பார்க்கக் கூடாது என்று குனிந்து, தொய்ந்து கிடந்த பக்கக்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை அவள் கையை எடு என்று சொல்லவில்லை. நானும் அதை இறுக்கவில்லை.